முப்பத்தோராவது கொப்பி

வன்னியில் தங்கள் இஷ்டத்துக்கு நடக்கிறவர்கள் இருவர்தான். ஒன்று யானை. மற்றவர் தண்ணி விதானையார். யானையாவது வெடி கொளுத்திப் போட்டால் காட்டுக்குள் விலகிப் போகும். தண்ணி விதானையாருக்கு நான் கொளுத்தாத வெடி இல்லை. மேலதிகாரியைக் கூட்டிவந்து சொல்ல வைத்தேன், கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஒரு தடவை அழுதும் பார்த்தேன். மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று, “பிள்ளை, முறை எண்டால் முறைதான்” என்றார்.

பெயரைக் கேட்டுவிட்டு ஆள் தண்ணியடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் தேத்தண்ணியையே பால் விடாமல் வெறுந்தேத்தண்ணியாகக் குடிக்கிறவர். கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு குளத்தடிக் குடியேற்றம் வரும். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வட்டவிதானையாக இருந்தவர். குளத்துத் தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு, யாருடைய வயலுக்கு, எத்தனை மணித்தியாலம் விடுவது என்று முறை பார்த்துத் திறந்து பூட்டுகிற வேலை அது. கிராம சேவையாளரையும் அங்கே விதானையார் என்றே கூப்பிடுவதால், இவரைத் தண்ணி விதானையார் ஆக்கிவிட்டார்கள். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் அவருக்கு மருந்தெழுதும் கிளினிக் கொப்பிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவி அந்தப் பெயரைச் சொல்லமாட்டா. கொப்பியின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் அப்போது பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அடையாள அட்டை, ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, முதியோர் தின விழா என்று வயது போனவர்களுக்கு வேண்டியது எதுவென்றாலும் என் மேசைக்கு வரும். வயது போனவர்களும் வருவார்கள். வந்தால் போகமாட்டார்கள்.

குளத்தடிப் பொதுநோக்கு மண்டபத்தில் மாதத்தின் முதல் புதன்கிழமை முதியோர் கிளினிக் நடக்கும். ஒரு டொக்டர், ஒரு தாதி, ஒரு மருந்துப் பெட்டி, ஒரு வாகனம். ஒன்பது மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அதற்குள் முப்பது பேரைப் பார்க்கலாம். எங்கள் கிளினிக்கில் பதிந்திருந்தவர்களோ முப்பத்தொரு பேர். முப்பத்தோராவது ஆள் கதிரையில் குந்துவதற்கு முன் வாகனக்காரர் ஹோர்ன் அடித்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் பிறசர் பார்க்காமல், மருந்துக் குளிசை வாங்காமல், வந்த வழியே வீட்டுக்குத் திரும்பவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் என்னுடைய மூன்று வருஷத் தலையிடி.

அங்கே வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, கொப்பிகள்தான் நிற்கும். விடிந்ததும் விடியாததுமாக வந்து கிளினிக் கொப்பியை வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் போனால் அது உங்கள் இடம். ஒருவர் கொப்பிக்குக் கலண்டர் தாளில் உறை போட்டிருப்பார், இன்னொருவர் பேரனின் சித்திரக் கொப்பி மட்டையில் போட்டிருப்பார். எப்போதும் முதலாவது கொப்பி வாத்தியாருடையது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மண்டபத்துக்கு நேர் எதிரே வீடு. படலையைத் திறந்து, கொப்பியை வைத்து, திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார். எப்போதும் கடைசிக் கொப்பி திரேசக்காவுடையது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்து, வயது போனபிறகு மகளோடு இந்த வயல்காட்டுக்கு வந்து சேர்ந்தவர். வாய்க்கால் முடிகிற இடத்தில், அதற்கு மேல் காடு என்கிற எல்லையில் வீடு. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒரே பஸ் எட்டரைக்குத்தான் வரும். பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்குவதும் அவரே, முழங்கால் அப்படி.

மூன்று மாதம் தொடர்ந்து திரேசக்கா ஹோர்ன் சத்தத்தோடு வீட்டுக்குப் போனார். நாலாம் மாதம் பிறசர் ஏறி பஸ் தரிப்பில் விழுந்துவிட்டார். நல்லவேளை, மண்ணில் விழுந்தார். அடுத்த முதியோர் சங்கக் கூட்டத்தில் நான் எழும்பி, கொப்பி வரிசையை ஒழுங்குபடுத்த யாராவது பொறுப்பெடுக்கவேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கை உயர்ந்தது. நன்றாக இருப்பீர்கள் ஐயா என்று நான் வாழ்த்தியதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக் புதன்கிழமை நான் போனபோது வாங்கில் ஒரு கொப்பியும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு சந்தைப் பையில் அள்ளிப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு விதானையார் வாசலில் இருந்தார். எட்டரைப் பஸ் வந்து, திரேசக்காவும் இறங்கி முடித்த பிறகுதான் பையைத் திறந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “எந்த வாய்க்கால்?” கடைசி வாய்க்கால்காரரின் கொப்பி மேலே. துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்குக் கிட்ட இருப்பவரின் கொப்பி கீழே. திரேசக்கா முதலாவது. வாத்தியார் முப்பதாவது.

வாத்தியார் ஆடிய ஆட்டத்தை நான் எழுதினால் பத்திரிகைக்காரர் போடமாட்டார்கள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி வந்தவனுக்கு முப்பதாம் நம்பரா, இது எந்த ஊர் நியாயம், எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தீர்த்தார். விதானையார் பொறுமையாகச் சொன்னார்.

“வாத்தியார், துருசடிக் காணிக்குத் தண்ணி எப்பவும் கிடைக்கும். அது எங்க ஓடிப்போகப் போகுது? கடைக்காணிக்கு முதல் பாய்ச்சிப்போட்டு மேல வந்தால்தான் எல்லாருக்கும் சரிவரும். கிட்ட இருக்கிறவன் முதல் எடுத்தால் கடைசியில இருக்கிறவனுக்கு வெறும் வாய்க்கால்தான்.”

திரேசக்காவுக்கே இந்த முறை விளங்கவில்லை. கடலில் முறை கிறை ஒன்றும் இல்லை, முதலில் போனவனுக்குத்தான் மீன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்க் கதிரையில் குந்தினார். ஆனால் அன்றைக்கு அவருக்குக் குளிசை கிடைத்தது. எனக்கும் சந்தோஷம்தான். மறைக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் முதியோர் தின விழா வரைக்கும் நின்றது. விழாவில் சாப்பாடு பரிமாறுகிற பொறுப்பையும் அவர் கேட்டார், நானும் கொடுத்துத் தொலைத்தேன். மண்டபத்துக் குசினி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. மேடையில் பிரதம விருந்தினர், எங்கள் மேலதிகாரிகள், மாலை போட்டவர்கள், போடப்பட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். விதானையார் குசினி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். அவருடைய கண்ணுக்கு அந்தக் குசினிதான் துருசு. மேடை துருசடிக் காணி. சோற்றுச் சட்டிகள் மேடையைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, வெளியே மரத்தடியில் செருப்புக்குக் காவலிருந்தவரிடம் போய்த்தான் நின்றன. அங்கிருந்து பந்தி பந்தியாக மேலே வந்தன. பிரதம விருந்தினரின் இலைக்கு வந்தபோது அடிப்பிடித்த சோறும் பருப்பும் மட்டும்தான் மிச்சம். பாயசம் அவர் வரைக்கும் வரவே இல்லை. அடுத்த நாள் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கடைக்காணிக்கு முதல் பாய்ச்சல் என்று எழுதவா முடியும்? சுகவீனம் என்று எழுதினேன். யாருக்குச் சுகவீனம் என்று எழுதவில்லை.

இதைச் சொல்லி அவருடைய வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். துருசிலிருந்து கூப்பிடு தூரம். விதானையார் வயலுக்குப் போயிருந்தார். மனைவி கதிரை ஒன்றைத் துடைத்துப் போட்டு, நான் சொன்னதெல்லாம் கேட்டு, கடைசியில் எனக்கே ஆறுதல் சொன்னா. “பிள்ளைக்கு ஒரு நேரச் சோறுதானே போச்சுது. எனக்கு இரண்டு போகம் போனது. தண்ணி எங்கட வேலியோரத்தாலதான் ஓடும். எங்கட வயல் மட்டும் வெடிச்சுக் கிடக்கும். கேட்டால் முறை வரேல்லையாம்.” இடம்பெயர்ந்து ஓடின நேரம், சட்டிபானையைக் கொண்டுபோக இடமில்லை என்று சொன்ன மனிதர் தண்ணி முறைக் கொப்பியை மட்டும் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வந்தாராம். தண்ணியே இல்லாத இடத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்ததை அவா சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவாவுக்கு வந்தது.

அவருடைய கண் விஷயம் எனக்குத் தெரியவந்தது வாத்தியாரால்தான். ஒரு புதன்கிழமை வழக்கம்போல விதானையார் பையோடு இருந்து, “எந்த வாய்க்கால்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். வாத்தியாரின் முறை வந்தது. இருவரும் நாற்பது வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை பிடித்தவர்கள். வாத்தியார் தொண்டையைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு, “கடை வாய்க்கால்” என்றார். விதானையார் கொப்பியை வாங்கி, திரேசக்காவின் கொப்பிக்கு அடுத்ததாக வைத்தார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். ஏமாற்றிவிட்ட சந்தோஷம் அவருடைய முகத்தில் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு மெதுவாகக் கிட்ட வந்து, “மிஸ், இந்தாளுக்குக் கண் தெரியேல்லை” என்றார்.

விதானையாரை வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் படலம். இடது கண் பால் ஊற்றின மாதிரி இருந்தது. டொக்டரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். “முறை வரேல்லை, பிள்ளை” என்றார். அவருடைய கொப்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். உரப்பையை வெட்டித் தைத்த உறை. பழையது முடிந்து, வரிசைக்குப் பொறுப்பெடுத்த மாதம் எடுத்த புதுக் கொப்பி. முதல் பக்கத்தில் பெயர், வயது, விலாசம். அடுத்த பக்கம் வெறுமை. அதற்கடுத்ததும் வெறுமை. கடைசிப் பக்கம் வரைக்கும் பேனை படவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாத்தியார் முப்பது என்றால், வாத்தியாரை விடவும் துருசுக்குக் கிட்ட இருக்கிற ஒரே ஒரு வீடு இவருடையது. திரேசக்கா முதலாவதாகப் போன நாளிலிருந்து, ஹோர்ன் சத்தத்தோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆள் இவர்தான். பன்னிரண்டு மணிக்குச் சந்தைப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் போவதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன். வேலை முடிந்து போகிறார் என்றல்லவா நினைத்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

மாவட்ட வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சைக்குப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளினிக் டொக்டர் பார்த்துக் கடிதம் தந்தால்தான் பெயர் பதியலாம். பதிவு மூன்று மாதத்தில் முடிகிறது. அதைத் தவறவிட்டால் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் டொக்டர் இளம் ஆள், தங்கமான குணம். இடையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். விதானையார் கதிரையில் குந்தமாட்டேன் என்று நின்றார். டொக்டர் டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார். இவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“ஐயா, இப்பிடியே விட்டால் வலது கண்ணும் போயிடும்” என்றார் டொக்டர்.

“போகட்டும், டொக்டர். துருசடிக்காரன் முந்தி எடுத்தான் எண்ட கதை வரப்படாது” என்றார் விதானையார். கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே வாசலைத் தேடிப் போனார். கதவில் முட்டினார். கதவிடம் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த மாதம் நான் களவு செய்தேன். அரசாங்க உத்தியோகத்தர், இருபத்தைந்து வருஷச் சேவை, ஒரு கிழவரின் கொப்பியைக் களவாக ஐந்தாவது இடத்தில் செருகினேன். விதானையார் அடுக்கு முழுவதையும் கையால் தடவிக்கொண்டு வந்தார். ஐந்தாவதில் கை நின்றது. உரப்பை உறை காட்டிக்கொடுத்துவிட்டது. என் பக்கம் ஒரு தரம் திரும்பிவிட்டு அதை இழுத்து அடியில் வைத்தார். அதற்கடுத்த மாதம் நான் உறையைக் கழற்றிவிட்டுக் கலண்டர் தாள் போட்டேன். அவர் கொப்பிகளை எண்ணினார், முப்பத்தொன்று இருந்தது. தன்னுடையதைத் தடவித் தேடினார், காணவில்லை. கொப்பி ஒன்று துலைந்துபோச்சுது, கண்டுபிடிக்காமல் கிளினிக் தொடங்க ஏலாது என்று வாசலில் குந்திவிட்டார். அரை மணித்தியாலம் போனது. நானே எடுத்துக் கொடுத்தேன். நான் முதலில் சொன்ன அழுகை அன்றைக்குத்தான். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. இருப்பது ஒரு புதன்கிழமை.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் என் அப்பாவின் நினைவு வந்தது. முள்ளியவளையில் எங்களுக்கும் வயல் இருந்தது. குளம் சின்னது, சண்டை பெரியது. விதானை சொன்னால் சொன்னதுதான், எவனாலும் மாற்றமுடியாது. கமக்காரர் கூட்டம் மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு போகத்துக்கும் முதல் கூட்டம் கூடி, கையை உயர்த்தி, இந்த முறை தண்ணி எங்கிருந்து தொடங்குவது என்று தீர்மானிப்பார்கள். கூட்டம் எடுத்த தீர்மானத்துக்கு விதானை கட்டுப்படவேண்டும். அடுத்த நாளே குளத்தடிக்குப் போய், கிளினிக் முறை பற்றி ஒரு கூட்டம் வைத்தால் என்ன என்று விதானையாரிடம் கேட்டேன். மனிதரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். இத்தனை நாளும் முறையில்லாமல்தான் முறை நடத்துகிறோமோ என்று அவருக்கும் மனதுக்குள் ஒரு உறுத்தல் இருந்ததாம். ஏழு நாள் முந்தி அறிவித்தல் ஒட்டவேண்டும், சங்கக் கடைச் சுவரில் ஒன்று, பஸ் தரிப்பில் ஒன்று என்றார். நானே எழுதி, நானே பசை பூசி, நானே ஒட்டினேன்.

ஒட்டிவிட்டு ஒவ்வொரு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். துருசடியிலிருந்து தொடங்கினால் கடைசியாக வரப்போவது திரேசக்கா. அவருடைய வீட்டுக்குப் போக எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. போய்ச் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். “ஒரு மாசம் என்ர பிறசர் பொறுக்கும், மிஸ். நானே கேக்கிறன்” என்றார்.

புதன்கிழமை, கிளினிக் தொடங்க முதல் வைத்த கூட்டத்துக்கு எட்டரைப் பஸ்ஸும் வந்து சேர்ந்தது. விதானையார் வேட்டியும் சால்வையுமாக வந்து நடுக் கதிரையில் இருந்தார். திரேசக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, இந்த முறை துருசடியிலிருந்து திறக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வாத்தியார் ஆமோதித்தார். அவருக்கென்ன, இரண்டாவது நம்பர் கிடைக்கப் போகிறது. விதானையாருக்கு அப்போதுதான் விளங்கியது. சால்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ” என்றார்.

எல்லாக் கையும் உயர்ந்தது. நான் முப்பது என்று எண்ணிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னை ஏன் நம்பவேண்டும், கொப்பிக் களவு செய்தவள் அல்லவா. கதிரையிலிருந்து எழும்பி, வாங்கு வாங்காக நடந்து, உயர்ந்திருந்த ஒவ்வொரு கையையும் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினார். நடுங்குகிற கைகளும் இருந்தன, அவர் தொடும்வரைக்கும் ஒன்றும் இறங்கவில்லை. வாத்தியாரிடம் வந்தபோது இரண்டு கை தட்டுப்பட்டது.

“வாத்தியார், ஒரு காணிக்கு ஒரு கை” என்றார்.

வாத்தியார் ஒன்றை இறக்கினார். எண்ணி முடித்துவிட்டு விதானையார் நடுவில் நின்றார். கூட்டம் முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்றார். கூட்டக் குறிப்பில் எழுதும்படி என்னிடம் சொன்னார். எழுதினேன்.

முதலாவதாக உள்ளே போனார். பேனை படாத கொப்பியில் டொக்டர் இரண்டு பக்கம் எழுதினார். பிறசர் இருந்தது, சீனி வருத்தமும் கொஞ்சம் இருந்தது, இத்தனை நாளும் ஒன்றும் தெரியாமல் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடந்து திரிந்திருக்கிறார். கண் கடிதம் என் கைக்கு வந்தது. நான் அதைப் பைக்குள் வைத்துப் பையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். இனி வீட்டுக்குப் போகலாம் ஐயா என்றேன். போகவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வர, வாசலிலேயே நின்றார்.

முப்பதாவது ஆள் வெளியே வர ஹோர்ன் அடித்தது. தாதி மருந்துப் பெட்டியைப் பூட்டினா. வாங்கில் திரேசக்கா மட்டும் இருந்தார். அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பவும், விதானையார் இரண்டு கையையும் விரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தார்.

“டொக்டர், கடைக்காணி இன்னும் பாயேல்லை. பாயாமல் துருசைப் பூட்டேலாது.”

வாகனக்காரர் திரும்பவும் அடித்தார். நீட்டி அடித்தார். விதானையார் அசையவில்லை. டொக்டர் அவரைப் பார்த்தார், திரேசக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் குந்தினார். திரேசக்காவைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் முப்பத்தொரு பேரைப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிஷம் வாசலில் நின்றால் நடக்கிற காரியம்தான். இத்தனை மாதமும் முப்பத்தோராவதாகத் திரும்பிப் போன மனிதர், தனக்காக ஒரு நாளாவது அந்த வாசலில் நிற்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்தில் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். வாத்தியாரை நெடுநேரம் பார்த்து, நல்லாய் நரைச்சுப் போனியள் என்று துக்கம் விசாரித்தார். என்னிடம் வந்து, “பிள்ளை, உமக்கு முகத்தில இவ்வளவு கோவம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது” என்றார். கண் வந்ததும் பழைய விஷயங்களும் வெளியே வந்தன. கடை வாய்க்கால் என்று குரல் மாற்றிச் சொன்னவர் வாத்தியார் மட்டும் அல்ல, இன்னும் நாலு பேர். அவர்களை வரிசையாக நிறுத்தி விசாரித்துக் கொண்டிருந்ததில் கிளினிக் இன்னொரு அரை மணித்தியாலம் பிந்தியது.

பிறகு சந்தைப் பையைத் திறந்தார். திரேசக்கா மேலே, வாத்தியார் முப்பது. உரப்பை உறை போட்ட கொப்பியை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். நான் கத்தினேன். இப்போதுதான் முப்பத்தொரு பேரையும் பார்க்கிறார்களே, ஒரு நாளாவது நடுவில் வைத்தால் குறைந்தா போவீர்கள் என்று கேட்டேன். “எனக்குப் பாஞ்சிட்டுது, பிள்ளை” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் எந்த வாய்க்கால் என்று கேட்கப் போய்விட்டார்.

எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. விட்டது தொல்லை என்றுதான் வந்தேன். இங்கே வந்த பிறகு எனக்கும் சீனி பிடித்துவிட்டது. மாதம் ஒரு தரம் கிளினிக். போன மாதம் விடிய வெள்ளெனப் போய் நின்று நம்பர் எடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர், அதோடு அன்றைக்குரிய நம்பர் முடிந்தது. வெயில் ஏறிய பிறகு ஒரு அம்மா வந்தா. கையில் உரப்பையை வெட்டித் தைத்த பை, அதற்குள் கொப்பி. நம்பர் முடிந்தது, அடுத்த மாதம் வாருங்கோ என்று சொன்னார்கள். அவா கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினா.

“எந்த வாய்க்கால், அம்மா?” என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக நான் யோசித்துக் கேட்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

“வாய்க்காலோ? நான் பூவரசங்குளத்தால வாறன், பிள்ளை. பஸ் பிந்திப்போச்சுது” என்றா.

என் நம்பர்த் துண்டை அவாவின் கையில் வைத்தேன். அவா என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தா. நான் வெளியே வந்து, வெறும் வயிற்றோடு பஸ் தரிப்பு வரைக்கும் தண்ணி விதானையாரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பஸ்ஸுக்குள்ளும் திட்டினேன். வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குந்திய பிறகும் திட்டினேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனிதரை வேறு எப்படித்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது.